வலிக்கும்வரை காத்திருக்கலாமா?

விருந்து முடிந்ததும் தாம்பூலத் தட்டு வருவது நம் மரபு. பிறந்த மண்ணைவிட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நாம், எத்தனையோ வழக்கங்களைக் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டோம். இவ்வழக்கத்தை மட்டும் கைவிடவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் பொங்கல் விருந்து ஒன்றில் இத்தட்டு வந்தபோது நிகழ்ந்ததே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அன்று என் பக்கத்து இலையில் அமர்ந்திருந்தவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்த அண்ணாச்சி ஒருவர். சாம்பாரையும் ரசத்தையும் அவர் தொடவில்லை. அப்பளத்தைச் சிறுசிறு துண்டாக நொறுக்கி, அதையும் இலையின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டார். தயிர்ச் சோற்றை மட்டும் சிறிது சிறிதாக உருட்டி, பல்லிடுக்கில் திணிப்பது போல உண்டுகொண்டிருந்தார்.

"உடம்புக்கு என்ன, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. காரம் பட்டால் வாய் எரிகிறது. ஆறேழு மாதமாக வாயை அகலத் திறக்கவும் முடியவில்லை. வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் யாரிடமும் காட்டவில்லை" என்றார்.

இப்படிச் சொன்னவர், கை கழுவி வந்ததும் சட்டைப் பையிலிருந்து இரண்டு சிறு பொட்டலங்களை எடுத்தார். ஒன்றில் பாக்குத்தூள், மற்றொன்றில் புகையிலை. இரண்டையும் உள்ளங்கையில் கலந்து இடக்கன்னத்தில் அடக்கிக்கொண்டார். ஊரில் இருந்தவரை வெற்றிலையோடு புகையிலை போட்டவர் அவர். இங்கு வந்தபின் நல்ல வெற்றிலைக்கும் பஞ்சம். வேலைக்கிடையே அதை நிதானமாக மடித்துப் போட நேரமும் இல்லை. பொட்டலம் எளிதாய் இருந்தது.

'வலி ஒன்றும் இல்லை' என்று அவர் சொன்னாரே, அதுதான் இந்நோயின் சூழ்ச்சி. வாயில் வலி தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, கன்னத்தின் உட்புறத்தில் உள்ள உயிரணுக்கள் கெடத் தொடங்கிவிடுகின்றன. அவை எவ்வாறு கெடுகின்றன என்பதை நம் குடும்பங்களில் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கன்னத்தின் உட்சுவர்

கன்னத்தின் உட்புறத்தை மெல்லிய ஈரச்சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. கண்ணுக்கு ஒரே பரப்பாகத் தோன்றும் அதனை நுண்பெருக்கியில் வைத்து நோக்கினால், உயிரணுக்கள் பல அடுக்குகளாக அமைந்திருக்கக் காணலாம். அடியில் உள்ள அணுக்கள் இரண்டிரண்டாகப் பிளந்து புதியனவற்றைத் தோற்றுவிக்கின்றன. புதியவை மெல்ல மேலேறுகின்றன, ஏறும்போதே தட்டையாகின்றன, உச்சியை அடைந்ததும் உதிர்ந்து உமிழ்நீரோடு கலந்துவிடுகின்றன. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அச்சுவர் முழுவதும் புதிதாகிவிடும். சூடான காப்பி பட்டுப் புண்ணான வாய் சில நாட்களில் ஆறிவிடுவதற்கு இவ்விரைவே காரணம்.

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் உட்கரு என்னும் பகுதி உண்டு. அணு எவ்வாறு வளரவேண்டும், எப்பொழுது பிளக்கவேண்டும், எப்பொழுது நிற்கவேண்டும் என்னும் கட்டளைகள் அனைத்தும் அதிலுள்ள மரபுப் பொருளில் எழுதப்பட்டுள்ளன. அணு பிளக்கும்போது இக்கட்டளை ஏடு முழுவதும் படியெடுக்கப்பட்டு, பிறக்கும் அணுக்கள் இரண்டுக்கும் ஒவ்வொரு படி கிடைக்கிறது. படியெடுப்பதில் பிழை நேர்ந்தால் திருத்துவதற்கும், திருத்த இயலாத அணுவை அழிந்துபோகச் செய்வதற்கும் உடலில் காவலர்கள் உள்ளனர். அவர்களுள் முதன்மையானது 'பி53' என்னும் மரபணு.

இடைவிடாமல் படியெடுக்கும் இடத்தில் இடைவிடாமல் நஞ்சு சேர்ந்தால் என்ன ஆகும்? புகையிலை அடக்கிய கன்னத்தில் நிகழ்வது அதுவே.

புகையிலை செய்யும் வேலை

புகையிலையைப் பறித்துப் பதப்படுத்தி, புளிக்கவைத்து, சேமிக்கும்போது அதில் நைட்ரசமைன் என்னும் நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. அவற்றுள் 'என்.என்.என்.', 'என்.என்.கே.' என்று குறிக்கப்படும் இரண்டும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என ஐயமின்றி முடிவு செய்யப்பட்டுள்ளன. புகையிலையைக் கன்னத்தில் அடக்கியதும் உமிழ்நீர் இவற்றைக் கரைக்கிறது. கரைந்தவை சவ்வினுள் ஊறி அணுக்களுக்குள் புகுகின்றன. அணுவோ வழக்கம்போல அவற்றைச் சிதைத்து வெளியேற்ற முயல்கிறது. அம்முயற்சியிலேயே அவை இன்னும் கொடிய வடிவம் பெற்று, மரபுப் பொருளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் எழுத்து மாறிப் படிக்கப்படுகிறது. பிழையான படி அடுத்த தலைமுறை அணுக்களுக்குச் செல்கிறது. இத்தகைய பிழை காவலனாகிய பி53-இலேயே விழுந்துவிட்டால், அதன்பின் வரும் பிழைகளைத் தடுக்க ஆளில்லை.

சுண்ணாம்பு இக்கேட்டுக்குத் துணைபோகிறது. அது வாயின் காரத்தன்மையை உயர்த்துவதால் நிக்கோட்டின் விரைந்து இரத்தத்தில் கலக்கிறது, பழக்கம் பிடித்துக்கொள்கிறது. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தவிடத்தில், ஆக்சிஜனின் தீவிரமான வடிவங்கள் தோன்றி மரபுப் பொருளின் இழைகளை அறுக்கின்றன. மேலும், நாள்தோறும் அரிக்கப்படும் சவ்வு தன்னைப் பழுதுபார்க்க வேண்டி, அடியணுக்களை அடிக்கடி பிளக்கச் செய்கிறது. பிளவு மிகுந்தால் பிழைக்கு வாய்ப்பும் மிகும்.

பாக்கு தனியாகவும் குற்றவாளியே. அதிலுள்ள அரிக்கோலின் முதலிய பொருள்கள் சவ்வின் கீழுள்ள அணுக்களைத் தூண்டி, அளவுக்கு மேல் நாரை உண்டாக்குகின்றன. மிருதுவான கன்னம் நாளடைவில் தோல்வார் போல் விறைக்கிறது. வாய் திறக்க மறுக்கிறது. 'சப்மியூக்கஸ் பைப்ரோசிஸ்' என்று மருத்துவர் கூறும் நோய் இதுவே. நம் அண்ணாச்சிக்கு வந்திருந்ததும் இதுதான்.

'நான் மெல்லுவதில்லை, பீடியும் சிகரெட்டும் மட்டுமே' என்பார் மகிழ்வதற்கு இதில் ஒன்றும் இல்லை. புகையில் 7,000-க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயைத் தருபவை. நுரையீரலுக்குச் செல்லும் வழியில் அவை முதலில் தொடுவது வாயைத்தான். மதுவும் உடன் சேருமாயின், இரண்டின் தீமையும் வெறுமனே கூடுவதில்லை, பன்மடங்காகப் பெருகுகிறது.

நுண்பெருக்கி காட்டிய சான்று

இவையெல்லாம் அறிஞரின் ஊகம் என்று ஒதுக்க இயலாது. கன்னத்தின் உட்புறத்தை ஒரு மரக்குச்சியால் மெல்ல வழித்து, கிடைத்த அணுக்களைச் சாயமேற்றிப் பார்த்தால் போதும். நலமான அணுவில் ஒரே ஓர் உட்கரு தெரியும். கெடுதியுற்ற அணுவிலோ, உட்கருவின் பக்கத்தில் சிறு பொட்டு ஒன்று தனியே நிற்கும். அணு பிளந்தபோது குரோமோசோம் உடைந்து, உட்கருவுக்குள் சேராமல் வெளியே தங்கிவிட்ட துணுக்கே அப்பொட்டு. நுண்கரு என்று இதனைச் சொல்வர்.

கனடாவைச் சேர்ந்த ஹான்ஸ் ஸ்டிச் என்னும் ஆராய்ச்சியாளர் தம் குழுவினருடன் 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவில் புகையிலை மெல்வோரின் வாயணுக்களை இம்முறையில் ஆராய்ந்தார். பழக்கம் இல்லாதவரைக் காட்டிலும் மெல்வோரிடத்தில் இத்தகைய உடைந்த துணுக்குகள் மிகுதியாகக் காணப்பட்டன. புண்ணும் கட்டியும் தோன்றும் முன்னரே உட்கரு உடைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. நஞ்சு பொட்டலம் அடக்கிய மூலையோடு நிற்பதில்லை. உமிழ்நீர் அதனை வாய் முழுவதும் கொண்டுசெல்கிறது. வாயில் ஓரிடத்தில் புற்று எழுந்தால், அதனைச் சூழ்ந்து நலமாகத் தோன்றும் பகுதியிலும் அணுக்கள் மாறுதல் அடைந்திருப்பதை ஸ்லாட்டர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய துணைவரும் 1953-இல் எடுத்துக்காட்டினர். ஒரு புற்றை அறுத்து நீக்கிய பின்னும் பழக்கத்தை விடாதவருக்கு வேறோர் இடத்தில் மற்றொன்று தோன்றுவதன் காரணம் இதுவே.

நெய்யூரும் கென்யாவும்

இந்நோயின் வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு, பெருமைப்படத்தக்க இடமன்று. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், அன்று தென் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் பெல்ஸ், வாய்ப்புற்றுக்காகச் செய்யப்பட்ட 209 அறுவைச் சிகிச்சைகளைத் தொகுத்து 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த மருத்துவர் ஆர், 1933-இல் 'லான்செட்' இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றையும் அதன் காரணங்களையும் விரிவாக எழுதினார். சென்னை அடையாற்றில் 1954-இல் தோன்றிய புற்றுநோய் நிலையத்தின் மருத்துவர்களான சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1959-இல் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து எழுதினர். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்று தரும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985-இல் உறுதி செய்தது. புகையிலை சேராத பாக்கும் அத்தகையதே என்று 2003-இல் கூடிய அதன் அறிஞர் குழு முடிவு செய்தது.

புலம்பெயர்ந்து வாழும் நமக்குப் பாடமாக வேறொரு செய்தியும் உண்டு. வாய் இறுகும் நோயைத் தற்கால மருத்துவ நூல்களில் முதன்முதலாக விவரித்தவர் ஸ்வார்ட்ஸ் என்பவர், ஆண்டு 1952. அவர் கண்ட நோயாளிகள் ஐவர். ஐவரும் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் வாழ்ந்த இந்தியப் பெண்கள்! அடுத்த ஆண்டே பம்பாயில் மருத்துவர் ஜோஷி அந்நோயை இங்கும் கண்டெழுதினார். கடல் கடந்து சென்றவர் பெட்டியில் பாக்கும் சென்றது. பாக்கோடு நோயும் சென்றது. இந்நோய் தண்ணீராலோ தட்பவெப்பத்தாலோ வருவதன்று. நம் கையோடு நாம் கொண்டுபோவது.

நாம் கொண்டுவந்ததோடு நில்லாமல், வந்த இடத்தில் உள்ளவற்றையும் கற்றுக்கொள்கிறோம். மராட்டிய நாட்டில் புகையிலையை வறுத்துப் பொடித்து, மிஷ்ரி என்ற பெயரில் பல் துலக்குகின்றனர். பெண்களிடையே இவ்வழக்கம் மிகுதி. வடநாட்டில் சுண்ணாம்போடு உள்ளங்கையில் தேய்த்துக் கீழுதட்டில் அடக்கும் கைனி. கிழக்கே குல், குடாக்கு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, அறையொன்றில் ஐவர் அறுவராகத் தங்கி உழைக்கும் நம் இளைஞர்கள், தூக்கத்தை விரட்டவும் பசியை மறக்கவும் இவற்றைப் பழகிவிடுகின்றனர். குட்காவைப் பல மாநிலங்கள் தடை செய்தன. மகாராஷ்டிரம் 2012-இல் தடை செய்தது. வணிகரோ பாக்கை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை மற்றொன்றிலும் பிரித்து விற்கக் கற்றுக்கொண்டனர். கலக்கும் பொறுப்பு வாங்குவோனுடையதாயிற்று.

2016-17-இல் எடுத்த கணக்கின்படி, இந்தியாவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைக் கொள்கின்றனர், 21.4 பேர் புகையில்லாத வடிவில் கொள்கின்றனர். 2022-ஆம் ஆண்டின் உலகக் கணக்கு, இந்தியாவில் ஓராண்டில் வாய்ப்புற்று காண்போர் ஏறத்தாழ 1,43,000 பேர் என மதிப்பிடுகிறது. உலகில் காணப்படுவதில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

கண்ணாடி முன் ஒரு நிமிடம்

இத்தனை அச்சத்துக்கும் நடுவே ஆறுதல் ஒன்று உண்டு. நுரையீரலையோ ஈரலையோ நாம் எட்டிப் பார்க்க இயலாது. வாயைப் பார்க்கலாம். அதற்கு ஒரு கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும்.

மாதம் ஒருமுறை கைகளைக் கழுவிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, இரு கன்னங்களின் உட்புறம், உதடுகளின் உட்புறம், ஈறு, நாவின் மேலும் கீழும் பக்கங்களும், அண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெண்படலம் இருக்கிறதா? வெல்வெட்டுத் துணி போன்ற செம்படலம் இருக்கிறதா? வெண்படலத்தைவிடச் செம்படலம் கொடியது. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் உண்டா? தடிப்போ கட்டியோ கைக்குத் தட்டுப்படுகிறதா? காரம் பட்டால் எரிகிறதா? நடுவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைக்க முடிகிறதா? இரண்டு விரலே நுழையுமானால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இவற்றுள் ஒன்று இருப்பினும், வலி இல்லை என்று இருந்துவிடாமல் பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டுதல் வேண்டும். வெண்படலம் எல்லாம் புற்றாக மாறுவதில்லை. எது மாறும், எது மாறாது என்பதைச் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தே மருத்துவர் கூறுவார். வெறும் கண்ணால் பார்க்கும் சோதனையும் எத்துணைப் பயன் தரும் என்பதைத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆராய்ச்சி காட்டியது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று வாயைப் பார்த்தனர். அவ்வாறு பார்க்கப்பட்ட பகுதிகளில், புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த இறப்பு 34 சதவீதம் குறைந்தது என 2005-இல் முடிவு வெளியாயிற்று.

விடுவது எவ்வாறு?

பார்த்தால் மட்டும் போதாது, விடவேண்டும். நஞ்சு நின்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் அச்சுவரே நமக்குத் துணைநிற்கும். பழக்கத்தை விட்டவரிடத்தில் வெண்படலம் சுருங்கி மறைவதும் உண்டு. புகைப்பவர் நிறுத்தினால் ஐந்தாண்டுகளில் வாய்ப்புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பாக்கை, அது புகையிலை சேர்ந்ததாயினும் சேராததாயினும், விட்டவர்க்கும் நோய் வாய்ப்பு குறைகிறது. இறுகிய நார் மட்டும் முழுவதும் இளகுவது அரிது. ஆதலின் அந்நோயில் காலம் தாழ்த்தலாகாது.

விடுவது எளிதென்று கூறி ஏமாற்ற விரும்பவில்லை. முதல் வாரம் தலைவலிக்கும்; எரிச்சல் வரும்; உறக்கம் கெடும். மூன்று நான்கு வாரங்களில் இவை தணிந்துவிடும். அடக்கத் தோன்றும்போது ஏலக்காய், கிராம்பு, சோம்பு, நெல்லி வற்றல் ஆகியவற்றில் ஒன்றை வாயிலிடலாம். தேவையானால் மருத்துவரைக் கேட்டு மாற்று மருந்து கொள்ளலாம். அரசின் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. இதற்குக் கட்டணம் இல்லை. வீட்டார் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு: அந்த ஒரு மாதம் அவர் சினத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், கடைக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பொட்டலம் வாங்கிவரச் செய்யாதீர்கள்.

'தாம்பூலம் நம் முன்னோர் வழக்கமாயிற்றே' என்று சிலர் கேட்கலாம். தாம்பூலம் பழையது, புகையிலை பழையதன்று. அமெரிக்காவில் விளைந்த அச்செடி போர்த்துக்கீசியரோடு இந்நாட்டுக்கு வந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகளே ஆகின்றன. பாக்கோ நெடுங்காலமாக நம்முடையதே. எனினும் பழமை அதன் நஞ்சை நீக்கிவிடாது. மங்கலத்துக்கு வெற்றிலையையும் பாக்கையும் தட்டில் வைத்துக் கொடுப்பதால் யாருக்கும் நோய் வருவதில்லை. நாள்தோறும் கன்னத்தில் அடக்குவதே கேடு.

அண்ணாச்சியின் கதையை முடிக்காமல் விட்டேன். பொங்கலுக்கு மறுவாரம் அவரை வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இரண்டு விரலுக்கு மேல் நுழையவில்லை; இடக்கன்னத்தில் வெண்படலமும் இருந்தது. துணுக்கு எடுத்துச் சோதித்தனர். அணுக்கள் ஒழுங்கு கெட்டிருந்தன; புற்றாக மாறவில்லை. அறிக்கை வரும்வரை கழிந்த பத்து நாட்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர, ஒருவரும் வயிறார உண்ணவில்லை என்று அவர் மனைவியார் பின்னர்ச் சொன்னார். அன்று விட்டவர் அண்ணாச்சி. இடையில் இருமுறை தவறி, மீண்டும் விட்டார். மூன்று திங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவருகிறார். வாய் சிறிதே இளகியிருக்கிறது. காரம் இன்னும் ஒவ்வவில்லை.

இவ்வாண்டுப் பொங்கல் விருந்தில் அவர் தாம்பூலத் தட்டின் அருகே நின்றார். வெற்றிலையை எடுக்க வந்த இளைஞர் ஒவ்வொருவரிடமும், "எங்கே தம்பி, மூன்று விரல் நுழைகிறதா, காட்டு" என்றார். பலர் சிரித்துக்கொண்டே காட்டினர். இருவரால் இயலவில்லை. அவ்விருவரின் முகவரியையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அண்ணாச்சி வீடு திரும்பினார்.

அன்பர்களே, இன்றிரவு உணவுக்குப் பின் உங்கள் இல்லத்திலும் அனைவரும் இச்சோதனையைச் செய்து பாருங்கள். வலி வரும்வரை காத்திராதீர்கள்.